ஆயிரத்து நூற்றைம்பது மீட்டர்

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் நான் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்த அன்று, வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நடந்தது கருமத்தம்பட்டிக்குப் போன் போட்டதுதான். எனக்குக் காபி கூட அதற்குப் பிறகுதான் கிடைத்தது. அம்மா தன் அண்ணனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை ஃபிரிட்ஜின் தலையில் வைத்தாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சுவருக்குக் காது மந்தம் என்பதுபோல உரக்கப் பேசினார்.

"மாவட்டத்துல ரெண்டாவது வாறதுன்னா அத்தன லேசா? ஊருக்குள்ள நாலு பேரு சேந்து ஓடுனா ஆரு வேணா மொதல்ல வரலாம்."

போனுக்குள் மாமன் தன் மனைவியிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது. "ஆயிரத்தைநூறு ஓடுறதுதானம்மணி ஓட்டம். எண்ணூறெல்லாம் பஸ்ஸு போயிருமேன்னு ஓடறவன் ஓடறதுதானே."

அப்பா சுவரிடம் மறுபடி ஏதோ சொன்னார். மாமன் அத்தையிடம் ஏதோ சொன்னார். அப்பா மாமனிடம் ஒரு சொல் பேசவில்லை, மாமனும் அப்பாவிடம் பேசவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு அரை மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. அம்மா நடுவில் நின்று ம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

என் மாமன் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் பள்ளிக்கூடத்து மாஸ்டர் அவளை ஆயிரத்து ஐந்நூறில் மட்டும்தான் இறக்குவார். சூலூரில் என் மாஸ்டருக்கு நான் எண்ணூறுக்கென்றே பிறந்தவள். அதனால் ஒரே மைதானத்துக்குப் போனாலும் நாங்கள் இருவரும் ஒரே ஓட்டத்தில் ஓடியதில்லை. யார் பெரிய ஆள் என்ற கேள்விக்கு விடையே கிடையாது. விடை இல்லாத கேள்வி என்றால் எங்கள் சொந்தக்காரர்களுக்குப் பந்தியில் பாயசம் மாதிரி. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எங்களை நிறுத்தி வைத்து ஒப்பிடுவார்கள். அவளிடம் கோப்பைகள் அதிகம், என்னிடம் சான்றிதழ்கள் அதிகம். அவள் ஊர்ப் பொங்கல் விழாவில் எவர்சில்வர் குடம் வாங்கியிருந்தாள். நான் வெள்ளிப் பதக்கம் வாங்கிய ஓட்டத்தின் படம் பேப்பரில் வந்திருந்தது. அதில் என்னுடையது என்று காட்ட முடிந்தது ஒரு முழங்கை மட்டும்தான். அந்த முழங்கையை அப்பா சட்டம் போட்டு மாட்டியிருந்தார். குடமா முழங்கையா என்று பெரியவர்கள் வாதாடுகிற நேரத்தில் நாங்கள் இருவரும் ஐஸ்கிரீம் கொடுக்கிற இடத்தில் இரண்டாவது தடவை வரிசையில் நிற்போம்.

அப்பாவும் மாமனும் நேருக்கு நேர் பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். வீட்டில் அதை யாரும் மறைக்கவில்லை. அப்பா சூலூருக்குப் பக்கத்தில் ஒரு சைசிங் மில்லில் வேலை பார்த்தார். நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, தறிக்குத் தேவையான நீளத்தில் பாவாக உருளையில் சுற்றிக் கொடுக்கிற இடம் அது. இத்தனை மீட்டர் என்று அளந்து பாவை நிறுத்துவது அப்பாவின் பொறுப்பு. மாமன் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு விசைத்தறி ஓட்டினார். பாவு எல்லாம் அப்பாவின் மில்லில் இருந்துதான் போகும். ஒருநாள் கருமத்தம்பட்டி டீக்கடையில் நாலு பேர் முன்னால் மாமன், "இந்தத் தடவ பாவு கொறையுதப்பா" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் மாமன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் சூலூர் வந்து சேர்ந்துவிட்டது என்று அம்மா சொல்வாள்.

அப்பா அன்றைக்கே மொபெட்டை எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போயிருந்தேன்.

"ஏனுங்க மச்சான், நான் அளந்ததுல கொறையுதுன்னு சொன்னீங்களாமா?"

"நான் மில்லைத்தானுங்க சொன்னேன் மாப்ள. உங்களச் சொல்லலீங்க."

"மில்லுல அளக்கறது ஆருங்க?"

அத்தை கொண்டுவந்த காபி டம்ளரை அப்பா இரண்டு கையாலும் வாங்கி, குடிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டு, "வாரனுங்க" என்று எழுந்து வந்துவிட்டார். சண்டை அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் உறவு முறிவதானாலும் 'ங்க' போட்டுத்தான் முறியும். மாமன் பாவு வாங்க வேறு மில்லுக்குப் போனார். அப்பா அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கல், தீபாவளி என்று நோம்பி நாட்களில் அம்மாவையும் என்னையும் பஸ் ஏற்றிவிட்டு அப்பா திரும்பிப் போவார். அந்தப் பக்கம் மாமன் நிறுத்தத்தில் வந்து நிற்பார். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் ஓர் அக்காவும் இந்த ஓர் அண்ணனும்தான். பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒன்றுமே பேசாமல் வருவாள்.

நாங்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான் போன் ஃபிரிட்ஜின் மேல் ஏறியது. அதற்கு முன்னால் அம்மா சமையலறைக்குள் போய் மெதுவான குரலில் பேசிவிட்டு வருவாள். ஏன் ஸ்பீக்கரில் போட ஆரம்பித்தாள் என்று நான் யோசித்ததில்லை. கையில் மாவு இருப்பதால்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் பெரியம்மா வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. சுல்தான்பேட்டைக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக அவர்களுடைய கோயில். கெடா வெட்டு, பந்தி என்று எல்லாச் சொந்தமும் கூடுகிற நாள். அப்பாவும் மாமனும் வந்தே ஆகவேண்டும். பெரியப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் பேசாமல் இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும். அவர்தான் ஒரு வாரம் முன்பே அறிவித்தார்.

"ரெண்டு புள்ளைகளையும் ஒட்டுக்கா ஓட வுட்டுப் பாத்துப்போடலாம். தெனமும் போனுல கேட்டுக் கேட்டு எனக்குக் காதே அடைச்சுப் போச்சு."

எவ்வளவு தூரம் என்பதில் அடுத்த தகராறு. எண்ணூறு என்றார் அப்பா, சுவரிடம். ஆயிரத்து ஐந்நூறு என்றார் மாமன், அத்தையிடம். இரண்டு நாள் போன் ஓயவில்லை. கடைசியில் பெரியப்பா, ஸ்டேஜுக்கு நடுவில் இறங்குகிறவனுக்குப் பாதி டிக்கெட் போடுகிற கணக்கில், சரியாக நடுவில் வெட்டினார். ஆயிரத்து நூற்றைம்பது. உலகத்தில் எந்த மைதானத்திலும் யாரும் ஓடாத தூரம் அது. இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள்.

தூரத்தை அளக்கிற வேலையை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். மாமன் மறுக்கவில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள். மில்லில் நாலைந்து இழை நூலைச் சேர்த்து முறுக்கி, இழுத்தால் நீளாதபடி கஞ்சி போட்டுக் காயவைத்து, மிஷினில் சரியாக நூறு மீட்டர் ஓட்டி அறுத்து எடுத்து வந்தார். காதுகுத்து அன்று காலையில் அப்பாவும் நானும்தான் கோயிலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தோம். அடுப்பு மூட்டுகிறவர்கள்கூட வந்திருக்கவில்லை. வாய்க்கால் மேட்டு மண்பாதையில் நூலின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையோடு அப்பா நடந்தார். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு கல். கடைசி ஐம்பதுக்கு நூலை இரண்டாக மடித்துக்கொண்டார். முடிந்தது என்று நான் உட்காரப் போனபோது, திரும்பும்போதும் அளக்க வேண்டும் என்றார். மறுபடி அத்தனை தூரமும் அளந்தோம். ஓர் இடத்தில் கல் ஒரு சாண் தள்ளியிருந்தது. அதை நகர்த்திவிட்டு அங்கிருந்து திரும்பவும் அளக்க வைத்தார். என் கையில் நூல் கோடு போட்டுவிட்டது. கடைசியில் ஆரம்பத்திலும் முடிவிலும் சுண்ணாம்பால் கோடு கிழித்துவிட்டு அப்பா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். அவர் அப்படித் திருப்தியாக எதையாவது பார்ப்பது அபூர்வம்.

இன்றைக்கு ஜெயித்தே தீருவது என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். நான் ஜெயித்துவிட்டால் அப்பாவுக்கு இனி சுவர் தேவைப்படாது, மாமன் முகத்தைப் பார்த்தே, 'எம்புள்ளதானுங்க பெரிய ஆள்' என்று சொல்லிவிடலாம். அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. அந்த வயதில் என் கணக்குகளில் நான் தவறு கண்டதே இல்லை.

காது குத்திய குழந்தை அலறி ஓய்ந்ததும் ஆண்களும் பெண்களும் வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றார்கள். கறி வெந்துகொண்டிருந்த வாசம் பாதை முழுக்க வந்தது. கோட்டில் நிற்கும்போது மாமன் மகள் பாவாடையில் முடிந்து வைத்திருந்த கடலைமிட்டாயை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

"நான் ஜெயிச்சுப்போட்டா வெசனப்படாத. அப்பன் கேக்கறதுக்காகத்தான் ஓடறேன்."

"நீ வெசனப்படாம இரு, போ" என்றேன். மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பெரியப்பா விசில் ஊதினார். வேலையை விட்டாலும் விசிலை அவர் விட்டிருக்கவில்லை.

எண்ணூறு ஓடுகிறவர்கள் ஆரம்பத்திலேயே வேகம் பிடித்துவிடுவோம். ஆயிரத்து ஐந்நூறு ஓடுகிறவர்கள் பின்னால் வந்து, எதிராளி களைக்கிற நேரத்துக்குக் காத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பழக்கப்படியே ஓடினோம். நான் முன்னால் போனேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டே வந்தாள். மண்பாதையில் அவள் காலடி ஒரே சீராகக் கேட்டது. எட்டாவது கல்லைத் தாண்டியதும் என் உடம்பு, முடிந்துவிட்டது, நில் என்றது. அதற்குத் தெரிந்த தூரம் அவ்வளவுதான். தொடையில் யாரோ கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவள் என்னைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். பாவம் என்று பார்த்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அவளுக்கும் அந்தத் தூரம் புதிது. எங்கே வேகம் எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் உடம்பு இன்னும் முந்நூற்றைம்பது மீட்டர் மிச்சம் இருப்பதாக நினைத்துக்கொண்டு பதமாகவே ஓடியது. கோடு கண்ணுக்குத் தெரிந்தபோது எனக்கு இருந்ததெல்லாம் வெறி மட்டும்தான். அவள் தோளுக்கு வந்தேன். பிறகு ஒரு கை அளவு முன்னால் போனேன். அப்பா அளந்த அதே நூலின் முனையைத்தான் பெரியப்பாவும் என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரும் கோட்டின் குறுக்கே இழுத்துப் பிடித்திருந்தார்கள். அது என் நெஞ்சில் பட்டு அறுந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை, அறுந்த முனை என் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் கைதட்டியது. நான் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே அப்பாவைத் தேடினேன். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை நான் பார்த்தேன், நிச்சயமாகப் பார்த்தேன். அந்தச் சிரிப்போடு அவர் மாமன் நின்ற பக்கம் திரும்பினார். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் மகளை, "வா கண்ணு" என்று கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை. முடிந்தது, இனி என்ன என்கிற முகம். வண்டிகள் நின்ற புளியமரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். இன்னும் இலைகூடப் போடவில்லை. பந்தியில் உட்காராமல் கிளம்புகிறார் என்றால் அது பெரிய விஷயம். அம்மா கையில் கரண்டியோடு அடுப்புப் பக்கமிருந்து ஓடி வந்து பாதையோரத்தில் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க மச்சான்."

அப்பாவின் குரல். மாமன் நின்றார், திரும்பவில்லை.

"அளவுல தப்பு நடந்து போச்சுங்க. தூரம் கொறையுதுங்க. எண்ணூறு ஓடற புள்ளைக்கு அது தோதாப் போச்சு. இத ஓட்டமாவே எடுத்துக்க முடியாதுங்க."

மேட்டில் நின்ற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியப்பாகூட. மாமன் மெதுவாகத் திரும்பினார்.

"நீங்க அளந்ததுலயாங்க மாப்ள?"

"நான் அளந்ததுலதானுங்க."

மாமன் அப்பா பக்கம் இரண்டு எட்டு வந்தார். பிறகு அவர் சொன்னது மிக மெதுவாக இருந்தது. "அளவுன்னா ஒருக்கா முன்னப் பின்ன வாறதுதானுங்க. அதுக்கென்னங்க இப்ப."

எனக்குத் தலைக்குள் தீப்பிடித்தது. இரண்டு தடவை அளந்தோம், போகும்போதும் வரும்போதும் அளந்தோம், ஒரு சாண் கல்லைக்கூட நகர்த்தினோம் என்று கத்தினேன். கையில் நூல் கிழித்த கோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். அப்பா என் பக்கம் திரும்பாமலே, "நீ போயித் தண்ணி குடி கண்ணு" என்றார். உண்மை தெரிந்த ஒரே சாட்சி நான்தான், என்னைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டார்கள். பெற்ற தகப்பனே என் வெற்றியைப் பிடுங்கித் தூக்கிப் போட்டதாகத்தான் அன்று எனக்குப் பட்டது. உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்வாள் என்று நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்பும் இருந்தன. ஆண்களுக்கென்று எடுத்து வைக்கிற ஈரல் வறுவலில் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எனக்கு நடந்த அநியாயத்துக்கு ஈரலா என்று இன்னும் அழுதேன். மாமன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீதான் ஜெயிச்ச, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தில் பாதியைத் தின்றாள்.

மறு ஓட்டம் வைப்பதாகப் பேச்சு. இன்றுவரை வைக்கவில்லை. அவள் அவிநாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், ஓடுவதெல்லாம் பஸ் பிடிக்கத்தான். மாமன் அன்றைக்கே போனில் சொன்னார் பாருங்கள். காதுகுத்து அன்று சாயங்காலம் மாமன் தன் வண்டியை எங்கள் மொபெட்டுக்குப் பின்னாலேயே விட்டுக்கொண்டு சூலூர் வரை வந்து, எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போனார். அடுத்த மாதம் அவர் தறிக்கு அப்பாவின் மில்லில் இருந்து பாவு போனது. இப்போது இரண்டு பேரும் வயதாகி வேலையை விட்டுவிட்டார்கள். தினமும் போனில், நடுவில் யாரும் இல்லாமல், நேராகவே வழக்காடுகிறார்கள். என் மகன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறான். அவன் ஓட்டம் எண்ணூறா ஆயிரத்து ஐந்நூறா என்பதுதான் இப்போதைய வழக்கு. அவனுக்கு இன்னும் பால் பல்லே விழவில்லை.

ஒரே ஒரு காட்சியை மட்டும் இன்னும் சொல்லவில்லை. நான் ஈரல் கிண்ணத்தோடு அழுதுகொண்டிருந்தபோது நடந்தது. தூரத்தைத் திரும்ப அளந்துவிடுவது என்று முடிவாகி, அப்பா அந்த நூலைச் சேர்த்து எடுத்தார். ஓட்டத்தில் அறுந்த துண்டையும் என் சட்டையில் இருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனார். இரண்டு முனைகளையும் மாமனிடம் நீட்டினார். அறுந்த இழையைப் பிணைப்பதில் மாமன் கைக்கு எதிர்க் கையே கிடையாது. கண்ணால் பார்க்காமலே முடிச்சுப் போட்டு, பல்லால் பிசிறைக் கடித்துத் துப்பினார். அப்பா ஒரு முனையையும் மாமன் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் நடந்தார்கள். நூறு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் கத்தினார்கள். "இழுத்துப் புடிங்க மச்சான்!" "போதுமுங்க மாப்ள, போதுமுங்க!" சோறு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாதையில் ஓடினேன். முடிச்சுக்குள் நூல் போயிருக்கும், முடிச்சுப் போட்ட நூலில் அளந்தால் அளவு சரியாக வராது என்று கத்தினேன். ஒருவர் காலமெல்லாம் பாவு அளந்தவர், இன்னொருவர் காலமெல்லாம் நெய்தவர். இந்தச் சின்ன விஷயம்கூட இரண்டு பேருக்கும் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் அடுத்த கல்லைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். காதில் விழவில்லையோ என்று, நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.